எந்தப் பேரில் புக்கிங்

கோவிலம்பாக்கம்
10-7-2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகள் தபஸ்ஸும் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறச் சோம்பல்பட்டு இன்னமும் கடையிலேயே தூங்கிவிடுகிறீர்களா?

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உங்கள் புருவம் ஏறியிருக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் விக்கியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேனே, அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? "அல்லாஹ் மேல ஆணை, இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." தெருவே கேட்கச் சொன்னீர்கள். பேச மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள்? எழுத மாட்டேன் என்று சொல்லவில்லையே. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் மகள் கொஞ்சம் மந்தம்தான்.

உங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்தால் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து வேடிக்கை பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கு நீங்கள் வர மாட்டீர்கள். அதனால் யார் வீடும் இல்லாத ஓர் இடம் பார்த்திருக்கிறேன். மேடவாக்கத்தில் ஒரு மந்திக் கடை. அரபு நாட்டுச் சமையல். ஹலால்தான், விசாரித்துவிட்டேன். நம் வீட்டுக் கல்யாணங்களில் போல ஒரே சஹனில் சோற்றைக் கொட்டி மேலே கறியை வைத்து நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்னாடியே புக் பண்ணாமல் உள்ளே விட மாட்டார்கள். 27-ஆம் தேதிதான் இடம் கிடைத்தது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு, ஏழரை மணி. மூன்று பேருக்கு.

புக் பண்ணுகிற ஆப் அவருடைய போனில் இருப்பதால் டேபிள் அவர் பேரில் இருக்கிறது. வாசலில் பேரைக் கேட்பார்கள். சொன்னால் உள்ளே அழைத்துவருவார்கள்.

நீங்கள் பேச வேண்டாம் அத்தா. சாப்பிட்டால் போதும். அவரும் உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார்.

உங்கள் மகள்
தபஸ்ஸும்


மேற்குத் தாம்பரம்
16-7-2025

மகள் தபஸ்ஸுமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். முழங்கால் என் வயதுக்குத் தகுந்தபடி இருக்கிறது. பள்ளிக்கூடப் பை சீசன் முடிந்து கடை காற்றாடுகிறது. ஜிப் அறுந்தவர்கள் மட்டும் வருகிறார்கள்.

நான் உன்னோடு பேசவில்லை. பேனாதான் பேசுகிறது.

சோறு தின்னப் புக்கிங்கா? ரயிலுக்குப் போடுவார்கள், ஹஜ்ஜுக்குப் போடுவார்கள், தெரியும். ஆட்டுக்கறிக்கும் பேரைப் பதிந்துவிட்டு இரண்டு வாரம் பசியோடு காத்திருக்க வேண்டுமா? பக்கத்துக் கண்ணாடிக் கடை சத்யநாராயணனிடம் பொதுவாகக் கேட்பது போல் கேட்டேன். "எங்க போனாலும் அப்படித்தான் சார் இப்போ. போன வாரம் என் பொண்ணு கூட்டிட்டுப் போனா. வெயிட்டிங் லிஸ்ட்னு சொல்லி வாசல்லயே நிக்க வெச்சுட்டான். கால் கடுத்துப் போய் வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டேன்" என்றார். காசையும் கொடுத்துக் காவலும் நிற்பதா?

உன் அம்மா சபீஹா உயிரோடு இருந்தவரை நான் வெளியே கை நனைத்ததில்லை. அவள் போன பிறகு மெஸ் சாப்பாடுதான். அங்கே யாரும் பேரைக் கேட்பதில்லை.

வருகிறேன் என்று நான் எழுதவில்லை. வர மாட்டேன் என்றும் எழுதவில்லை.

இப்படிக்கு
அத்தாவுல்லா


கோவிலம்பாக்கம்
29-7-2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகம். அங்கே உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

ஏழு மணிக்கே போய்விட்டோம். அவர் சலவைக்குப் போட்டு வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சர்வர் வந்து வந்து "ஆர்டர் எடுத்துக்கலாமா மேடம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொருத்தர் வரணும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. வெளியே அவ்வளவு கூட்டம் நிற்கும்போது ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் மூன்று பேருக்கான சஹனையே வாங்கினோம். நான் என் பக்கம் சாப்பிட்டேன், அவர் அவர் பக்கம் சாப்பிட்டார். உங்கள் பக்கத்துச் சோற்றில் இரண்டு பேரும் கை வைக்கவில்லை. அதை அப்படியே பார்சல் கட்டிக் கொடுத்தார்கள்.

அவருக்குக் கோபமில்லை. சலாம் சொல்லச் சொன்னார்.

தபஸ்ஸும்


மேற்குத் தாம்பரம்
4-8-2025

மகள் தபஸ்ஸுமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மழையும் தூறியது. ஒரு கல்லூரிக்காரர்கள் பை ஆர்டர் பேச வருவதாகவும் இருந்தது. ஆகவே வர முடியவில்லை.

வராததும் நல்லதுதான். ஆள் உயரத்துக்குப் பித்தளைக் கெண்டியை வாசலில் நிறுத்திவைத்து ஆடம்பரம் பண்ணுகிற கடையில் சோறு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மறுபடியும் போடுவதானால் உன் பேரில் போடு. இல்லை, என் பேரிலேயே போடு. அந்தப் பேரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் 'அந்தப் பையன்' என்பேன். கேட்டவர்களும் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் பலகையை வைத்துக்கொண்டு கேட்டதும் சொல்லிவிட முடியுமா? எனக்கு வராது.

அத்தாவுல்லா


கோவிலம்பாக்கம்
20-8-2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நான் எந்தக் கடிதத்திலும் பித்தளைக் கெண்டியைப் பற்றி எழுதவில்லை. சரி, அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாத்துக்கு மாமாவ பேஜார் பண்ற? உன் பேர்லயே போட்டா வந்துட்டுப் போறாரு. பேர்ல இன்னா கீது? சோறுதான துன்னப் போறோம்?" என்றார். உங்கள் பேரில் போடவும் போனைக் கையில் எடுத்துவிட்டார். நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

அத்தா, உங்கள் பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. அவருடைய அம்மா குப்பம்மா, மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போகிறவர், என்னை முதல் நாளே "தபசு" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டார். முழுப் பேர் வரவில்லை, ஆனாலும் கூப்பிட்டார். நீங்கள் அவர் பேரை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அது இல்லாமல் நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அவரோடு வாழ்கிறவள் நான். அவர் பேரைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு, அதே ஏழரை மணி. விக்கி என்ற பேரில். சலாம் சொல்லச் சொன்னார். 'கோபமில்லாமல் எழுது' என்றும் சொன்னார்.

தபஸ்ஸும்


மேற்குத் தாம்பரம்
17-9-2025

மகள் தபஸ்ஸுமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலமாகவே இருக்கிறேன். திட்டுவதற்கு முன் இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். கிழக்குத் தாம்பரம் போய் மேடவாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே வருகிறது. கேம்ப் ரோட்டில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே வரவில்லை. இறங்கி எதிர்ப்புறம் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். பொய்க் காரணம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இப்போது கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சொல்லிப் பழகுகிறேன். நேற்று சத்யநாராயணன் எட்டிப் பார்த்து, "யாரு சார் விக்கி? பாக்கி வெச்சுட்டுப் போயிட்டானா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்கே ஆச்சரியம்.

அடுத்த மாதம் மறுபடியும் போடு. இந்தத் தடவை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவேன். அவருக்கு என் சலாம் சொல்.

அத்தாவுல்லா


மேற்குத் தாம்பரம்
25-10-2025

மகள் தபஸ்ஸுமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா? நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மழையில் தபால் போகிற லட்சணம் தெரியும்தான். ஆனால் இவ்வளவு நாளா?

அக்டோபரில் டேபிள் போட்டாயா? போட்டு, கடிதம் வந்து சேராமல், நீங்கள் இரண்டு பேரும் மறுபடியும் காத்திருந்தீர்களா? அதை நினைத்தால் மெஸ் சோறுகூட இறங்க மறுக்கிறது.

உன் நம்பர் என் போனில் இருக்கிறது. எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அல்லாஹ் மேல் இட்ட ஆணை. விளையாட்டில்லை. கோபம் என்றால் அதையாவது ஒரு வரி எழுது.

அத்தாவுல்லா


கோவிலம்பாக்கம்
12-11-2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் இருக்கிறேன். மழையில் வெளியே அலையாதீர்கள், முழங்காலுக்கு ஆகாது.

நான் இப்போது வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலை. பிப்ரவரி முதல் வாரம் கழித்துத்தான் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை. அத்தை குப்பம்மா கூடவே இருக்கிறார்.

பிப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை. புக்கிங் திறந்ததும் போட்டுவிடுவேன். நேரம் ஏழரைதான். பேரும் அதே பேர்தான். சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டும்.

தபஸ்ஸும்


மேற்குத் தாம்பரம்
20-11-2025

அன்பு மகள் தபஸ்ஸுமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலை என்கிறாய், பயப்பட ஒன்றுமில்லை என்கிறாய், மாமியார் கூடவே இருக்கிறார் என்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் சமாச்சாரம். உன் அம்மா இருந்திருந்தால் இந்நேரம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருப்பாள். எனக்குப் பேரீச்சம்பழம் அனுப்பத்தான் தெரியும். பார்சல் போட்டிருக்கிறேன். பளு தூக்காதே. மாடிப்படியில் பார்த்து இறங்கு.

இந்தக் கடிதத்தில் அவர் சலாம் இல்லை. கவனித்தேன். இரண்டு தடவை ஏமாற்றினேன், கோபமாகத்தான் இருப்பார். நியாயம்தான். நேரில் வந்து சமாதானம் சொல்கிறேன்.

ஏசி மெக்கானிக்கான அவருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்து, ஸ்பேனர் வகையறா வைத்துக்கொள்ளத் தடித்த கேன்வாஸில் தோள்பை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். நம் கடைப் பையில் ஜிப்தான் முதலில் போகும். ஆகவே இதற்கு ஜிப்பே வைக்கவில்லை, வார்ப்பட்டைதான். யாருக்கு என்று சத்யநாராயணன் கேட்டார். "மருமகனுக்கு. விக்கிக்கு" என்றேன். அடுத்தவர் முன்னால் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை மகளே. கூரை இடிந்து விழவில்லை. இதற்கா நாலு வருடம்?

பிப்ரவரி எப்போது வரும் என்று இருக்கிறது.

அத்தாவுல்லா


கோவிலம்பாக்கம்
17-2-2026

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீடு போய்ச் சேர்ந்த பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா? மந்திக் கடையில் ஒரு வாய்கூட வைக்காமல் ஆட்டோவில் ஏறினீர்கள்.

இனிமேல் போனிலேயே பேசலாம். ஆனால் அன்று அழுகையில் பாதிதான் சொன்னேன். மீதியை வாயால் சொல்ல என்னால் ஆகாது.

உங்கள் குரல் எனக்கு உள்ளே கேட்டது. "விக்கி. விக்கி பேர்ல டேபிள். என் மருமகன்." அந்தப் பெண் ஒரு தடவைதான் கேட்டிருப்பாள். நீங்கள் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தீர்கள். என் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, "மாப்பிள்ளை கை கழுவப் போயிருக்காரா?" என்று கேட்டீர்கள். நாலு வருடம் கழித்து என்னிடம் நீங்கள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

செப்டம்பர் 29. ரேடியல் ரோட்டில் வேலை முடித்துத் திரும்பும்போது தண்ணீர் லாரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். எழுதியிருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பீர்கள். பேரைச் சொல்லாமலே வந்திருப்பீர்கள். அவர் இருந்தபோது வராதவர், அவர் இல்லை என்றதும் வந்தார் என்று ஆகியிருக்கும். அதை என்னால் தாங்க முடியாது அத்தா. அவருடைய டேபிளுக்கு, அவர் பேரைச் சொல்லி நீங்கள் வர வேண்டும் என்று இருந்தது. நவம்பரில் நீங்கள் என்ன நினைத்துப் பேரீச்சம்பழம் அனுப்பினீர்கள் என்று எனக்குப் புரிந்தது. இல்லை என்று எழுதப் பேனா எடுத்தேன். முடியவில்லை. அது பெரிய பாவம். மன்னித்துவிடுங்கள்.

அவருக்காக நான் இத்தா இருந்தேன். நாலு மாதம் பத்து நாள், வாசல்படி தாண்டவில்லை. நம் ஆட்கள் யாரும் என்னை இருக்கச் சொல்லப் போவதில்லை. அவர்கள் கணக்கில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லையே. நானாகத்தான் இருந்தேன். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாம்மா தபசு, வூட்டுக்குள்ளயே பூட்டிகினு கீற?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, எம்புள்ளைக்காகத்தான இருக்க, இரு" என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து கடை கண்ணிக்கெல்லாம் அவரே போய்வந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் நீங்கள் வாசல்வரை வந்தது அவருக்குத் தெரியும். கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் உங்களிடம் கேட்டதையும், நீங்கள் கெண்டியையே பார்த்துக்கொண்டு நின்றதையும், திரும்பி நடந்ததையும் பார்த்திருக்கிறார். எழுந்து ஓடி வரலாமா என்று நினைத்து, உங்களுக்கு வெட்கமாகிவிடும் என்று உட்கார்ந்துவிட்டாராம். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார். "வாசல் வரிக்கும் வந்துட்டாரு. உள்ள வர எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தைப் பார்த்து, "மாமா எனக்கு சலாம் சொல்லிக்கீறாரு பாரு" என்று அம்மாவிடம் போய்க் காட்டினார். அக்டோபர் 12-க்கு அவரே டேபிள் போட்டார்.

அவர் சொன்னபடி என் பேரில் போட்டிருந்தால் செப்டம்பரில் நீங்கள் வந்திருப்பீர்கள். ஒரே சஹனில் சாப்பிட்டிருப்பீர்கள். நான்தான் விடவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன்.

பை அவருடைய ஆணியில் தொங்குகிறது. அத்தை அவருடைய ஸ்பேனர்களைத் துடைத்து அதில் போட்டு வைத்திருக்கிறார்.

தபஸ்ஸும்


மேற்குத் தாம்பரம்
25-2-2026

என் கண்ணான மகள் தபஸ்ஸுமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? சஹருக்கு ஒழுங்காக எழுந்து சாப்பிடு. அத்தை சொன்னால் கேள்.

பழியை நீ எடுத்துக்கொள்ளாதே. ஜூலையில் அந்தப் பெண் சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு எழுந்து நின்றிருப்பார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஒரு போட்டோ அனுப்பு. பெரியதாக.

இத்தா என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நம் வீட்டில் எத்தனை பெண்கள் இருந்து பார்த்திருக்கிறேன். உன் கல்யாணத்தைக் கல்யாணம் என்று நான் ஒப்புக்கொள்ளாததால்தானே தோன்றவில்லை? இதை நினைத்து இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

பள்ளிவாசல் இமாமிடம் போனேன். ஆணையை முறித்துவிட்டேன், மகளிடம் பேசிவிட்டேன் என்றேன். "நல்ல காரியம் பண்ணீங்க. கஃப்பாரா கொடுத்திடுங்க. ஏழைங்க பத்துப் பேருக்குச் சாப்பாடு போடணும். உங்க வீட்டாளுங்களுக்கு என்ன போடுவீங்களோ அதையே போடுங்க" என்றார். என் வீட்டாளுக்கு நான் என்ன போட்டேன்? ஒரு சஹனில் மூன்றில் ஒரு பங்கைப் பார்சல் கட்ட வைத்தேன்.

பொட்டலம் வாங்கிக் கொடுத்துக் கடமையை முடிக்க மனம் வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் செல்வமேரி, மூட்டை தூக்குகிற சவுரிமுத்து, அவர்களைப் போன்றவர்களாகப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். "பேர் சொன்னாத்தான் உள்ள வுடுவாங்களாமே, நாங்க இன்னா பேர் சொல்றது?" என்று செல்வமேரி கேட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மந்திக் கடைக்கு நானே போன் பண்ணினேன். மார்ச் 8, ஞாயிறு, நோன்பு திறக்கும் நேரம். அவர்கள் பத்துப் பேர், நீ, நான், உன் மாமியார். எந்தப் பேரில் சார் புக்கிங் என்று கடைப் பெண் கேட்டாள். விக்கி என்றேன். நம்பர் கேட்டாள், நீ தந்த அவர் நம்பரைக் கொடுத்தேன். "சார், இவங்க நம்ம ரெகுலர் கஸ்டமர்னு காட்டுது. அவங்க வீடுதானே?" என்றாள். "ஆமாம்மா, அவர் வீட்ல இருந்துதான் பேசறேன்" என்றேன்.

நேரத்தோடு வந்துவிடு. உன் மாமியாரைக் கையோடு கூட்டிவா. வாசலில் பேரைக் கேட்பார்கள். நீ சொல்லாதே. நான் சொல்கிறேன்.

உன்
அத்தா